கல்லும் கயிறும் காற்றும்

குன்றத்தூரில் குன்று உண்டு, குன்றின்மேல் முருகன் கோயில் உண்டு, அண்மையில் செம்பரம்பாக்கம் ஏரி உண்டு, கடல் இல்லை. ஆயினும் இவ்வூரில் தோன்றிய சேக்கிழார் பெருமான் தம் திருத்தொண்டர் புராணத்தில் நாகைக் கடற்கரையின் நுளைப்பாடியைக் காட்டி, அங்கு வாழ்ந்த பரதவர் தலைவராகிய அதிபத்த நாயனாரின் வரலாற்றைப் பாடினார். வலையில் அகப்படும் மீன்களில் ஒன்றை நாள்தோறும் இறைவனுக்கென்று கடலிலேயே விட்டவர் அதிபத்தர். வறுமை முற்றிய நாளில் கிடைத்த ஒரே மீன் பொன்மீனாக இருந்தும் அதனையும் கடலிலேயே விட்டார். சோழப் பேரரசின் அமைச்சராக விளங்கிய உள்நாட்டுப் புலவர் ஒருவர் நெய்தல் நிலத் தொழிலை இத்துணை நெருக்கமாகப் பாடியது வியப்புக்குரியது. ஆனால் அதிபத்தர் வலை வீசியவர், படகின்மேல் நின்றவர். கடலுக்குள் இறங்கியவனை நம் இலக்கியம் எவ்வளவு கண்டது என்னும் வினா அப்படியே நிற்கிறது.

முத்தைப் பாடாத தமிழ்ப் புலவர் அரியர். கொற்கை முத்தின் சிறப்பை மதுரைக்காஞ்சியும் அகநானூறும் பேசுகின்றன. பல்லுக்கும் நகைக்கும், வியர்வைத் துளிக்கும் கண்ணீருக்கும் முத்தே உவமை. ஆயின் அந்த முத்தை எடுத்தவன் எதைப் பிடித்துக்கொண்டு இறங்கினான், எதனால் மேலே வந்தான், யார் அவனை இழுத்தார் என்பன பாட்டில் அருகியே வருகின்றன. முத்தின் ஒளி பாட்டுக்கு வந்தது. முத்தெடுத்தவனின் கல்லும் கயிறும் கரையிலேயே நின்றுவிட்டன. கி.பி. முதல் நூற்றாண்டினதாகக் கருதப்படும் செங்கடல் பெரிபுளூஸ் என்னும் கிரேக்க மொழிக் குறிப்பேடு, பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்தெடுக்கும் வேலையில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டனர் என்கிறது. அயல்நாட்டு வணிகன் ஒருவன் எழுதிவைத்த இந்த ஒரு வரியின் கனத்தை நாம் இன்னும் முழுதும் உணரவில்லை என்றே சொல்லவேண்டும். தண்டனையாக இறங்குபவனுக்குக் கருவியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை ஏது?

அந்தக் கருவிகள் மிகச் சிலவே. துளையிட்ட ஒரு கருங்கல், ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ எடையுள்ளது. அதைக் கட்டிய கயிறு ஒன்று. சிப்பி இட்டு நிரப்ப ஒரு வலைப்பை. அதற்குத் தனியே இன்னொரு கயிறு. முக்குளிப்பவன் கல்லின்மேல் காலை ஊன்றி, மூச்சை இழுத்து, மூக்கை விரலால் பற்றிக்கொண்டு, கயிற்றைத் தளர்த்துமாறு குறிப்புக் காட்டுவான். கல் அவனைக் கீழே கொண்டுசெல்லும். தரையைத் தொட்டதும் காலைக் கல்லிலிருந்து எடுத்துவிடுவான். மேலே இருப்பவர் உடனே கல்லை இழுத்துக்கொள்வார். அவன் கைக்கு எட்டிய சிப்பிகளை வாரிப் பையில் இட்டுக் கயிற்றை அசைப்பான். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் நிகழவேண்டும். ஒன்றரை நிமிடத்தைத் தாண்டியோர் அரியர். ஒரு கல்லுக்கு இருவர் என்பது வழக்கம்: ஒருவன் இறங்க, மற்றவன் இளைப்பாறுவான். பாறையும் மணலும் கலந்த சிப்பிப் படுகைகளைப் 'பார்' என்பர். தூத்துக்குடிக்கு எதிரே உள்ள தொலையிரம் பார் பெயர்பெற்றது.

இத்தனை எளிய கருவிகளிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கல் இறங்குவதற்கு மட்டுமே உரியது. ஏறுவதற்குள் அதை விட்டுவிட வேண்டும். எடையின் பயன் அதைத் தாங்குவதில் பாதி, உரிய நேரத்தில் விடுவதில் பாதி. இரண்டாவது கருவியாகிய கயிறும் அவ்வாறே. கயிற்றின் வலிமை அதன் புரியில் மட்டும் இல்லை, பிடித்த கையில் இருக்கிறது. முக்குளிப்பவனின் கயிற்றை அவன் மைத்துனனே பிடிப்பான் என்பது கடற்கரை ஊர்களில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. தன் உடன்பிறந்தாள் தாலி இழக்க அவன் ஒப்பமாட்டான் என்பது அதற்குக் காட்டப்படும் காரணம். 'மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும்' என்னும் பழமொழிக்கு மலைத்தேன் எடுப்போரைக் காட்டி விளக்கம் சொல்வர். கடலில் இறங்குவோர்க்கும் அது பொருந்தும்.

இதனிடையே சொல் ஒன்றையும் எண்ணிப் பார்க்கலாம். முத்து 'எடுத்தல்' என்பதினும் முத்துக் 'குளித்தல்' என்பதே மரபு. குளித்தல் என்பதைக் குளிர்த்தலோடு இணைத்துக் காட்டுவோர் உண்டு. வெயிலில் வெந்த உடலைக் குளிரச் செய்வதே குளியல் என்பது அவர் கருத்து. சொற்பிறப்பின் வழக்கு எவ்வாறாயினும், மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவனைக் குளிர் வாட்டியதில்லை. ஆண்டின் பெரும்பகுதியும் அக்கடல் நீர் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆகவே உடலை மூடும் உடை என்னும் கருவி தமிழ் முக்குளிப்போர் வரலாற்றில் தேவைப்படவே இல்லை. குளிர்கடலுக்குப் போகும்போது முதல் வேறுபாடு இங்கேதான் தொடங்குகிறது.

கருவியைப் பற்றிய வழக்கம் கடலுக்குக் கடல் மாறியது. பதினான்காம் நூற்றாண்டுப் பயணியாகிய இபன் பதூதா, பாரசீக வளைகுடாவில் முத்தெடுப்போர் ஆமையோட்டால் செய்த முகமூடியும் மூக்கை இறுக்கும் கவ்வியும் அணிந்ததைக் குறித்துள்ளார். அந்த அராபியர்களே 1900களின் தொடக்கத்தில் இலங்கையின் மரிச்சுக்கட்டிச் சலாபத்துக்குப் பெருந்தொகையாக வந்தபோது, மூக்குக்கவ்வி அணிந்தே இறங்கினர். தூத்துக்குடிப் பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் அருகிலேயே அதே பாரில் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்கினர். கவ்வி அணிந்தவனுக்கு இரு கையும் ஓய்வாக இருக்கும் என்பது வெளிப்படை. இருந்தும் இவர் அதை விரும்பி ஏற்றதாகத் தெரியவில்லை. பழகிய கருவி பாதுகாப்பான கருவியாகத் தோன்றும். இது எல்லாத் தொழிலிலும் உள்ள இயல்பு.

மற்றொரு கருவியும் இருந்தது, அது மந்திரம். சுறா கடிக்காதபடி அதன் வாயைக் கட்டுபவர் 'கடல்கட்டி' எனப்பட்டார். காயல் துறைக்கு வந்த மார்க்கோ போலோ பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இவ்வழக்கத்தை எழுதினார். எடுத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு மந்திரக்காரருக்கு உரியது என்பதும், பகலில் போட்ட மந்திரத்தை இரவில் அவிழ்த்துவிடுவர் என்பதும் அவர் தரும் செய்திகள். இரவில் திருட்டுத்தனமாக யாரும் இறங்காதிருக்க எத்துணை எளிய காவல்! ஆங்கிலேய அரசும் இப்பணியாளரை விலக்கவில்லை. சம்பளம் கொடுத்தே வைத்திருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன் 1889இல் தூத்துக்குடி சென்று சலாபத்தை ஆராய்ந்தார்; அடுத்த ஆண்டில் நூலும் வெளியிட்டார். மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. கடல்கட்டி வராத நாளில் எவரும் இறங்க மறுத்தனர் என்றால், அவர் கையிலிருந்ததும் ஒரு பாதுகாப்புக் கருவியே. அச்சத்தை அடக்கும் கருவி.

இங்கே ஒரு கற்பனைக் கதையை நினைவுகூர்வது பொருத்தம். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வெர்ன் 1869, 1870ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட 'கடலடியில் இருபதாயிரம் காதம்' என்னும் புதினத்தில், நீர்மூழ்கிக் கப்பலின் தலைவன் நெமோ மன்னார் வளைகுடாவுக்கு வருகிறான். செப்புத் தலைக்கவசமும் முதுகில் காற்றுக் கலமும் அணிந்து தன் விருந்தினரோடு பாருக்குள் நடக்கிறான். அங்கே கல்லும் கயிறுமாக மூச்சடக்கி இறங்கும் ஏழை முத்துக்குளியாள் ஒருவனைச் சுறா தாக்குகிறது. நெமோ கத்தியோடு பாய்ந்து அவனைக் காக்கிறான். முத்துப்பை ஒன்றையும் அவன் கையில் கொடுத்துச் செல்கிறான். அடக்கப்பட்டோர் நாட்டைச் சேர்ந்தவன் அவன், தானும் அந்நாட்டினனே என்று நெமோ பின்னர்க் கூறுகிறான். அடுத்து வந்த ஒரு புதினத்தில் நெமோ பந்தேல்கண்டு இளவரசன் என்பது வெளிப்படுகிறது.

அந்தக் காற்றுக் கலம் வெர்னின் கற்பனை அன்று. சுரங்கப் பொறியாளர் ரூக்கேரோல் சுரங்கத்தில் அகப்பட்டோரை மீட்க அமைத்த கருவியை, கடற்படை அலுவலர் தெனேரூஸ் 1864இல் நீருக்குள் பயன்படுமாறு மாற்றியமைத்தார். மூச்சு இழுக்கும்போது மட்டும், வேண்டிய அளவு மட்டும் காற்றைத் தரும் அமைப்பு அது. கதையில் நெமோவின் செயல் உள்ளத்தை உருக்குகிறது. ஆனால் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அவன் முத்தைக் கொடுத்தான், கருவியைக் கொடுக்கவில்லை. மன்னார் முத்துக்குளியாளின் வரலாற்றை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. வெர்ன் அதை எண்ணி எழுதினாரா என்பது வேறு.

ஏனெனில் உலகில் கருவிகள் இல்லாமல் இல்லை. 1837இல் இலண்டனில் அகஸ்டஸ் சீபே என்பவர், டீன் உடன்பிறந்தாரின் தலைக்கவசத்தைத் திருத்தி, உடலை முழுதும் மூடும் உடையோடு இணைத்தார். படகிலிருந்து எக்கியால் காற்று வரும். ஈயக் காலணியும் மார்பு எடையும் அணிந்தவன் மணிக்கணக்கில் கீழே நிற்கலாம். ஆஸ்திரேலியாவின் புரூம் நகரத்து முத்துச்சிப்பித் தொழிலில் இந்த உடை பரவிற்று. அங்கே ஜப்பானிய இடுகாட்டில் 900க்கு மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். புயலில் மாண்டோரும் உண்டு, அழுத்த நோயில் மாண்டோரும் உண்டு. ஆழத்தில் நெடுநேரம் காற்றை உட்கொண்டால் அதிலுள்ள நைட்ரஜன் குருதியிலும் தசையிலும் கரைந்து தங்கும். விரைந்து மேலேறினால் அது குமிழாக வெளிப்பட்டு மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்கும். எத்துணை மெதுவாக ஏறவேண்டும் என்னும் அட்டவணையை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல்தான் வெளியிட்டார். கருவி வந்து எழுபது ஆண்டுக்குப் பிறகே அதைப் பயன்படுத்தும் அறிவு வந்தது.

மன்னாரில் அந்தத் தலைக்கவசம் தொழிலை மாற்றவில்லை. 10, 20 மீட்டர் ஆழத்துப் பார்களுக்குக் கல்லே போதும் என்று கருதப்பட்டது. சலாபம் ஆண்டுதோறும் நிகழ்வதன்று. பல ஆண்டுகள் சிப்பியே இராது, நிகழும் ஆண்டிலும் சில வாரங்களே. அத்தகைய தொழிலுக்கு விலையுயர்ந்த கருவியில் யார் முதலிடுவர்? ஆங்கிலேயர் காலத்து இலங்கையில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு இறங்கியவருக்கும் சென்றன. இரு பங்கு பெற்ற அரசு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. பேராசிரியர் ஹெர்ட்மன் 1902இல் வந்து ஆராய்ந்து ஐந்து தொகுதி அறிக்கை எழுதினார். அவருக்குத் துணையாக வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர்ச் சென்னை மீன்துறையில் பணியாற்றி, சங்கைப் பற்றி 1914இல் அரிய நூல் ஒன்றைத் தந்தார். சிப்பியின் வாழ்வு, அதன் பகைவர், அதன் நோய் எல்லாம் ஆராயப்பட்டன. இறங்கியவனின் கல் மட்டும் கல்லாகவே இருந்தது. 1961இல் தூத்துக்குடியில் கடைசிச் சலாபம் நடந்தபோதும் நிலை அதுவே.

இதற்கிடையில் உலகம் மாறியிருந்தது. 1943இல், செருமானியர் ஆட்சியிலிருந்த பிரான்சில், பெட்ரோல் தட்டுப்பாட்டால் மகிழுந்துகளை எரிவளியால் ஓட்ட ஒரு வால்வை அமைத்திருந்தார் எமில் காஞ்ஞான் என்னும் பொறியாளர். இயந்திரம் எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வளியைத் தரும் வால்வு அது. கடற்படை அலுவலராகிய ழாக் கூஸ்தோ அதைக் கண்டு, இயந்திரத்துக்குப் பதில் மனித நுரையீரலைப் பொருத்தினால் என்ன என்று கேட்டார். இன்று ஸ்கூபா என்று வழங்கும் கருவி அவ்விருவரின் கூட்டுப் படைப்பு. ஒருபுறம் திருப்பெரும்புதூரும் மறுபுறம் ஒரகடமுமாக மகிழுந்துத் தொழிற்சாலைகள் சூழ்ந்த குன்றத்தூர் வட்டாரத்தார்க்கு இச்செய்தி சற்று இனிக்கக்கூடும்: கடலடிக்குச் செல்லும் மூச்சு, கார் இயந்திரத்தின் வழியாக வந்தது.

புதிய கருவி தமிழர் கடலுக்கு வந்தபோது முத்துக்கு வரவில்லை, வேறொன்றைக் கண்டது. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் ஒளிப்படக் கலைஞர் மைக் வில்சனும் திருகோணமலைச் சுவாமிமலைப் பாறையின் அடிக்கடலில் இறங்கி, போர்த்துகீசியர் பதினேழாம் நூற்றாண்டில் இடித்துக் கடலில் தள்ளிய கோணேசர் கோயிலின் தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். 1960களில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். மகாதேவனும் கே. நாகப்பன் நாயரும் தூத்துக்குடிக் கடலடியில் இறங்கிப் பார்களை நேரில் கண்டு எழுதினர். 1990களின் தொடக்கத்தில் பூம்புகாருக்கு எதிரே, ஏறத்தாழ 23 மீட்டர் ஆழத்தில், குதிரை இலாட வடிவான அமைப்பொன்றைத் தேசியக் கடலியல் நிறுவனத்தார் ஆராய்ந்தனர். அதன் காலம் பற்றிய வழக்கு ஓயவில்லை. ஆனால் கல்லோடு இறங்கி ஒரு நிமிடத்தில் ஏறுபவன் சிப்பியை வாரலாம். சுவரை அளக்க முடியாது. கருவி தந்த கொடை ஆழமன்று, நேரம்.

அந்த நேரமே கொடியதாகவும் முடிந்தது. தூத்துக்குடிப் பகுதியில் சங்கு எடுப்போர் பலர் கல்லை விட்டுவிட்டுக் கம்ப்ரசருக்கு மாறினர். சக்கரத்துக்குக் காற்றடிக்கவும் வண்ணம் தெளிக்கவும் பட்டறைகளில் உள்ள அதே வகை இயந்திரம் படகில் ஏறியது. அதிலிருந்து ஒரு நீண்ட குழாய். குழாயின் நுனி முக்குளிப்பவனின் வாயில். மூச்சடக்க வேண்டிய தேவை நீங்கியது. மணிக்கணக்கில் கீழே நிற்க முடிந்தது. இதன் குறைகள் மூன்றும் கண்ணுக்குத் தெரியாதவை. இயந்திரத்தின் புகை காற்றோடு கலந்து குழாய்க்குள் புகலாம். எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றோம் என்று காட்ட எதுவும் இல்லை. இயந்திரம் நின்றால் இடையில் வேறு காற்று இல்லை. இவ்வாறு இறங்கி மாண்டோர் செய்தியும், காலிழந்து கிடந்தோர் செய்தியும் வந்துள்ளன. இவர்களைப் பேராசைக்காரர் என்று கூறுவது முறையன்று. நல்ல கருவியின் விலை அவர்க்கு எட்டாதது. கிடைத்த கருவி மலிவானது. ஹால்டேன் அட்டவணை அச்சாகி நூறாண்டுக்கு மேலாகியும் அது அந்தப் படகை எட்டவில்லை. முக்குளிப்பவன் தன் கருவியைத் தானே தேர்ந்தெடுக்கும் நிலை எத்துணைப் பெரிய பேறு என்பது இங்கே விளங்கும்.

அந்தப் பேறு இன்று சிலருக்கு வாய்த்திருக்கிறது. சென்னையிலும் புதுச்சேரியிலும் இளைஞர் பலர் பொழுதுபோக்குக்காக ஸ்கூபா பயில்கின்றனர். கனடாவிலும் நார்வேயிலும் இங்கிலாந்திலும் குடியேறிய தமிழர்க்கோ அண்மையில் உள்ள நீரெல்லாம் குளிர்நீர். டொரன்டோவை ஒட்டிய ஒன்டாரியோ ஏரியின் அடிநீர் ஆண்டு முழுதும் ஏறத்தாழ 4 பாகையிலேயே நிற்கிறது. மன்னாரின் வழித்தோன்றல் ஒருவர் அத்தகைய நீரில் இறங்கப் புதிதாகத் தகுதி பெற்றால், முன்னோரின் கல்லும் கயிறும் அவருக்குப் போதா. நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கவர்ந்துகொள்ளும்.

குளிரில் வெற்றுடலோடு முக்குளித்த மரபும் உலகில் உண்டு. கொரியாவின் ஜேஜு தீவில் கடலில் இறங்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கும் ஹேன்யோ மகளிர், 1970கள் வரை மெல்லிய பருத்தி ஆடையோடே குளிர்காலக் கடலில் இறங்கினர். அரைமணி நேரத்துக்குள் கரையேறி நெருப்பைச் சூழ்ந்து அமர்வர். பிறகு மீண்டும் இறங்குவர். அவர் உடல் குளிர்காலத்தில் கூடுதல் வெப்பத்தை உண்டாக்கும் இயல்பைப் பெற்றிருந்தது என்று உடலியலறிஞர் சுக் கி ஹாங் அளந்து காட்டினார். 1970களின் நடுவில் நியோப்ரீன் என்னும் குமிழ் ரப்பர் உடை வந்தது. சில ஆண்டுகளில் அந்த இயல்பு அவர் உடலிலிருந்து மறைந்தது. வேலை நேரமோ பன்மடங்காயிற்று. அந்த உடையை அமைத்தவர் கலிபோர்னியா இயற்பியலறிஞர் ஹியூ பிராட்னர். ஆண்டு 1952 அளவில். உடைக்குள் நீர் புகுந்தாலும் குற்றமில்லை, ரப்பரில் அடைபட்ட குமிழ்களே வெப்பத்தைக் காக்கும் என்பது அவர் கண்ட உண்மை.

இதனால் குளிர்நீரில் இறங்குவோர் முதலில் கருதவேண்டியது காற்றுக் கலமன்று, உடை. ஈர உடையின் குமிழ்கள் ஆழத்தில் அழுத்தத்தால் சுருங்குகின்றன. மிகுதியாகக் குளிரும் இடத்தில்தான் உடை மெலிகிறது. 10 பாகைக்குக் கீழான நீரில் அடிக்கடி இறங்க எண்ணுவோர் நீர் புகாத உலர் உடையை நாடுவதே முறை. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். உடைக்குள் உள்ள காற்று ஏறும்போது விரியும். கால்பக்கம் சேர்ந்துவிட்டால் தலைகீழாக மேலே எறியும். இரவல் உடையில் சிலமுறை இறங்கிப் பார்த்த பின்னரே வாங்குவது நன்று. கழுத்தும் மணிக்கட்டும் பொருந்தாத உலர் உடை, எத்துணை விலையாயினும், ஈர உடையே.

முகக்கண்ணாடியை மட்டும் முதல் நாளே சொந்தமாக வாங்கலாம். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல இழுத்தால், கையை விட்ட பின்னும் கண்ணாடி ஒட்டி நிற்கவேண்டும், அதுவே தேர்வு. மூக்கையும் உள்ளடக்கிய கண்ணாடி என்பது அராபியர் கவ்விக்கும் நம்மவர் விரலுக்கும் பின்வந்த தலைமுறை. ஆனால் காதின் அழுத்தத்தைச் சமன்செய்ய மூக்கைப் பற்றவேண்டும். தடித்த கையுறையோடும் அது இயலுமா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும். கையுறை அணிந்த கைக்குச் சிறு கொக்கியெல்லாம் பயனற்றவை. தலையுறை இல்லாமல் இறங்கினால் காதுக்குள் பாயும் குளிர்நீரால் தலை சுற்றும்.

ரெகுலேட்டர் எனப்படும் காற்றுச் சீராக்கியில்தான் குளிரின் வஞ்சனை மறைந்திருக்கிறது. உருளையில் 200 மடங்கு அழுத்தத்தில் அடைபட்ட காற்று விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. சுற்றியுள்ள நீரும் குளிர்ந்ததாயின் வால்வின்மேல் பனிக்கட்டி படிந்து அது திறந்தபடியே உறைந்துவிடும். சில நிமிடங்களில் உருளை காலியாகும். ஐரோப்பியத் தர விதி இ.என். 250, குளிர்நீருக்குரிய சீராக்கியை 4 பாகை நீரில் சோதிக்கச் சொல்கிறது. அதில் தேறாதவற்றின்மேல் 10 பாகைக்கு மேற்பட்ட நீருக்கே உரியது என்ற குறி இருக்கும். வெப்பக்கடலில் பயின்றவர் மலிவாகக் கிடைத்ததென்று வாங்கிச் செல்லும் சீராக்கியில் முதலில் தேடவேண்டியது இந்தக் குறியே. உள்ளறை நீர் புகாதபடி மூடப்பட்ட வகையைத் தேர்வதும், இரு வால்வுள்ள உருளையில் இரண்டு சீராக்கிகளைத் தனித்தனியே பொருத்துவதும் அனுபவம் மிக்கோர் வழக்கம். ஒன்று உறைந்தால் அதை மூடிவிட்டு மற்றதால் மூச்சுவிடலாம். கம்ப்ரசர் படகில் இல்லாதிருந்த 'வேறு காற்று' இதுதான்.

தடித்த உடை மிதக்கும். அதை அமிழ்த்த ஈயம் வேண்டும். இங்கே பழைய கல் திரும்ப வருகிறது. புதியவர் பெரும்பாலும் மிகுதியான ஈயத்தைக் கட்டிக்கொள்வர். 12 லிட்டர் உருளையில் நிறைந்த காற்றின் எடையே ஏறத்தாழ 3 கிலோ. அது தீரத் தீர அவர் எடை குறையும். ஆதலால் உருளை காலியாகும் தறுவாயில், 5 மீட்டர் ஆழத்தில், ஏறாமலும் இறங்காமலும் நிற்கத்தக்க ஈயமே சரியான அளவு. நெருக்கடியில் ஒரு கை அசைவில் கழற்றி எறியக்கூடியதாகவும் அது இருக்கவேண்டும். தொலையிரம் பாரில் கல்லைக் காலிலிருந்து விட்டவன் இதை எவரிடமும் கேட்டறிந்ததில்லை.

இனிக் கயிறு பிடிப்பவர். நவீன முக்குளிப்பில் மைத்துனன் இல்லை. உடன் இறங்கும் துணைவர் உண்டு. தனியே இறங்கலாகாது என்பது பயிற்சியின் முதற் பாடம். கருவியும் துணைவருக்குத் தெரிந்ததாக இருக்கவேண்டும்: ஈயம் எந்தப் பக்கத்தில் கழலும், மாற்றுக் காற்றுக்குழாய் எங்கே தொங்குகிறது என்பவை இருண்ட நீரில் கையால் தடவி அறியத்தக்கவையாக இருத்தல் வேண்டும். அதனால் இருவரும் இறங்குமுன் கரையில் ஒருவரையொருவர் தொட்டுச் சோதிப்பர். உலர் உடைகளில் பலவற்றின் நீர்புகாப் பல்லிணைப்பு முதுகின் குறுக்கே, தோளுக்குத் தோள் செல்கிறது. அணிந்தவர் கை அவ்விடத்தை எட்டாது. ஏரிக்கரையில் பனிக்காற்றில் நிற்பவர் முதுகைத் திருப்பிக் காட்ட, துணைவர் பல்லிணைப்பைக் கடைசிப் பல் வரை இழுத்து மூடி, மூடிவிட்டதைத் தோளில் தட்டிச் சொல்கிறார்.